ஓய்வு பெரிதா? படி பெரிதா?

அண்ணனூர் பணிமனையிலிருந்து, ஊர் விழிக்கும் முன்பே மின்சார ரெயில்கள் புறப்படுகின்றன. முதல் வண்டியை ஓட்டும் டிரைவர் அதற்கும் முன்பே வந்தாக வேண்டும். அவரைக் கொண்டுவந்து சேர்க்க எந்த ரெயில் ஓடும்?

2024 ஜூனில் தெற்கு ரெயில்வே டிரைவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். கேட்டது, வாரம் 46 மணி நேர ஓய்வு.

இரண்டு கணக்கு

வேலை முடிந்தால் 16 மணி; வார ஓய்வு 30 மணி; ஆகமொத்தம் 46 என்பது டிரைவர்கள் கணக்கு. 30க்குள்ளேயே 16ம் அடக்கம் என்பது நிர்வாகத்தின் கணக்கு.

வேலை முடிந்து கையெழுத்துப் போட்டதுமே ஓய்வு நேரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. அண்ணனூரில் குடியிருப்பவருக்கு அது வீட்டில் கழியும். மதுரையில் குடும்பம் உள்ளவருக்கோ போக ஓர் இரவு, வர ஓர் இரவு! மிச்சம் என்ன?

ஓட்டிய கிலோமீட்டருக்கு ஏற்பப் படி உண்டு. ஓய்வு கூடினால் படி குறையலாம். ஆகவே, அருகில் இருப்பவருக்குப் படி பெரிது. தொலைவில் இருப்பவருக்கு ஓய்வு பெரிது.

விமானிகளும் அப்படியே

அமெரிக்காவில் வெளியூரிலிருந்து விமானம் ஏறி வேலைக்கு வரும் விமானிகள் பலர். ஒப்பந்தப் பேச்சில் அவர்கள் பயணச் சலுகை கேட்பார்கள். உள்ளூர் விமானிகள் அதைச் சம்பளமாகக் கேட்பார்கள். நம் நாட்டில் 2025 ஜூலையில் விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆயிற்று.

எது முதலில்? படியைப் பிறகும் கேட்டு வாங்கலாம். ஆனால், தூங்காத கண் சிவப்பு விளக்கைத் தவறவிட்டால், பின்னால் அமர்ந்திருக்கும் ஆயிரம் பேரின் கதி என்ன? ஓய்வே முதலில். கூடவே, பணிமனை அருகில் குடியிருப்பும் கொடுத்தால் பாதி வழக்குத் தீர்ந்துவிடும்!