அலுமாரிக்குள் இருக்கும் அமானிதம்



இம்மாதம் வாசிக்கத் தொடங்குமுன் உங்களுக்கு ஒரு சிறு வேலை. வீட்டு அலுமாரியின் அடித்தட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். காணி உறுதி, பிள்ளைகளின் கிளினிக் கொப்பி, நின்றுபோன கைக்கடிகாரம் என்று எல்லாம் சேர்ந்து கிடக்கும் அந்த மூலையில் பழைய கையடக்கத் தொலைபேசி ஒன்றும் கிடக்கிறதா? “அது பழுது, சும்மா கிடக்கிறது” என்று தட்டை மூடிவிடாதீர்கள். அதற்குள் உங்கள் வீட்டார் இருக்கிறார்கள். மௌத்தாகிப் போன வாப்பாவின் சிரிப்பு இருக்கலாம். இன்று உயர்தரம் படிக்கும் மகள் தவழ்ந்த காட்சி இருக்கலாம். மருதோன்றி இரவில் பெண்கள் மட்டும் கூடியிருந்தபோது எடுத்த படங்களும் இருக்கலாம்.

இதை விளங்கிக்கொள்ள, படம் எடுப்பதற்கென்றே பேர் வாங்கிய ஒரு போனை எடுத்துப் பார்ப்போம். நோக்கியா என்95. பின்லாந்து நாட்டுக் கம்பனி 2006 செப்டெம்பரில் இதை அறிவித்தது. 2007 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. விலை ஏறத்தாழ 550 யூரோ. அந்நாளில் வளைகுடாவிலிருந்து லீவில் வருபவர்களின் பெட்டியில், சொக்லட்டுக்கும் அத்தருக்கும் நடுவே பத்திரமாகச் சுற்றி வைத்துக் கொண்டுவரப்பட்ட போன்களின் காலம் அது.

கெமரா உள்ள போன் அதற்கு முன்னரும் இருந்தது. அதே கம்பனி 2002இல் விற்ற 7650 என்ற போனின் படம் 640க்கு 480 புள்ளிகள் கொண்டது. பெருக்கிப் பார்த்தால் மூன்று இலட்சம் புள்ளிகள். போனின் சின்னத் திரையில் பார்க்க அழகாக இருக்கும். காகிதத்தில் பெரிதாக அச்சிட்டால் முகம் கலங்கிவிடும். என்95இன் படமோ 2592க்கு 1944 புள்ளிகள். ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேல். இதைத்தான் 5 மெகா பிக்சல் என்றார்கள். எட்டு அங்குல நீளம், ஆறு அங்குல அகலத்தில் அச்சிட்டுச் சுவரில் மாட்டினாலும் முகம் முகமாகவே இருக்கும்.

புள்ளிகள் மட்டும் கூடினால் போதாது. வில்லை நன்றாக இருக்க வேண்டும். கெமரா உலகில் பழம்பெரும் பெயரான ஜெர்மனியின் கார்ல் ஸைஸ் நிறுவனத்தின் டெஸ்ஸார் வில்லை இதில் இருந்தது. டெஸ்ஸார் என்பது 1902ஆம் ஆண்டிலிருந்து பெரிய கெமராக்களில் புகழ்பெற்ற வில்லை அமைப்பின் பெயர். அத்துடன், எதிரே இருப்பது தூரமோ கிட்டவோ என்று பார்த்துத் தானாகவே தெளிவைச் சரிசெய்துகொள்ளும் வசதியும் இருந்தது. அதனால் பழைய கடிதத்தின் எழுத்தைக்கூட வாசிக்கத்தக்கதாகப் படம் எடுக்க முடிந்தது. அதே 2007 ஜூனில் வெளிவந்த முதலாவது ஐபோனை நினைத்துப் பாருங்கள். அதன் கெமரா 2 மெகா பிக்சல்தான். வீடியோ எடுக்கும் வசதி அதில் இருக்கவில்லை. என்95இலோ வினாடிக்கு 30 படச்சட்டங்கள் வீதம், 640க்கு 480 அளவில் வீடியோ எடுக்கலாம்.

வேறு வசதிகளும் நிறையவே இருந்தன. திரையை மேல்நோக்கித் தள்ளினால் எண் பொத்தான்கள். கீழ்நோக்கித் தள்ளினால் பாட்டுக்கும் வீடியோவுக்குமான பொத்தான்கள். வானொலி, வைஃபை, செய்மதி மூலம் இடம் காட்டும் ஜி.பி.எஸ்., தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் வயர். இவ்வளவும் 120 கிராம் எடைக்குள். பெருநாள் எடுத்த படத்தைப் பெருநாளன்று இரவே தொலைக்காட்சியில் போட்டு, உம்மம்மாவை முன்னால் உட்கார வைத்துக் காட்டலாம்.

குறைகளும் உண்டு. பெட்டரி 950 மில்லி அம்பியர் மணிதான், கெமராவையும் ஜி.பி.எஸ்.ஸையும் அதிகம் பாவித்தால் மாலைக்குள் தீர்ந்துவிடும். மூடியைத் திறந்ததும் கெமரா ஆயத்தமாகச் சில வினாடிகள் பிடிக்கும். அதற்குள் பிள்ளை சிரித்து முடித்துவிடும். இரவு நேர வெளிச்சத்துக்கு ஒரு சின்ன எல்.ஈ.டி. விளக்கு மட்டுமே. அது இரண்டடி தூரத்து முகத்துக்குப் போதும். மண்டபம் நிறைந்த கல்யாணக் கூட்டத்துக்குப் போதாது. இரவுப் படங்களில் அசைந்தவர்கள் எல்லாம் மங்கிப் போயிருப்பது அதனாலேதான்.

சரி சகோதரிகளே, இந்த விபரமெல்லாம் நமக்கு எதற்கு? இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

பிலிம் ரோல் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு ரோலில் 36 படம். அது முடிந்ததும் ஸ்டூடியோவுக்குக் கொடுக்க வேண்டும். அங்கே கழுவுபவர் பார்ப்பார், அச்சிடுபவர் பார்ப்பார், உறையில் போட்டுத் தருபவர் பார்ப்பார். ஆகவே பேணுதலான வீடுகளில் பெண்கள் படமே எடுக்கவில்லை; எடுத்தாலும் முக்காடு ஒழுங்காக இருக்கும்போது மட்டும்தான். நம்முடைய உம்மம்மாமாரின் இளவயதுப் படங்கள் பல வீடுகளில் இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறொன்றும் இல்லாமலே மௌத்தாகிப் போனவர்கள் எத்தனை பேர்!

என்95 போன்ற போன்கள் அந்த நிலைமையை மாற்றின. பெரிதாக்கிப் பார்க்கத்தக்க தெளிவான படம், ஸ்டூடியோ வாசலை மிதிக்காமலே கிடைத்தது. எடுப்பவள் ராத்தா, பார்ப்பவர் உம்மா. அந்நிய ஆணின் கண் நடுவில் இல்லை. விரல்நகத்தளவு மெமரி கார்ட்டில் ஆயிரம் படங்களுக்கு மேல் அடங்கின. பெண்கள் முதன்முதலாகத் தங்கள் வீட்டுக்குள், தங்கள் இயல்பான தோற்றத்தில், தாராளமாகப் படம் எடுத்தார்கள். பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு அசதியில் சாய்ந்திருந்த தங்கை, தலைவிரி கோலமாகச் சிரித்த மச்சி, குளித்து வந்த குழந்தை.

இன்னொரு விடயத்தையும் சொல்ல வேண்டும். என்95இன் பின்புற வில்லைக்கு ஒரு தள்ளு மூடி இருந்தது. மூடியைத் திறந்தால்தான் படம். எதிரே ஒருவர் போனைப் பிடித்திருந்தால், அவர் படம் எடுக்கப் போகிறாரா இல்லையா என்பது மூடியைப் பார்த்தாலே தெரியும். அதே ஆண்டில் வெளிவந்த என்95 8 ஜி.பி. என்ற வகையில் அந்த மூடியை எடுத்துவிட்டார்கள். இன்று நம் கைகளில் இருக்கும் போன்களில் ஏறத்தாழ எதற்குமே மூடி இல்லை. வில்லையை மூடுவது கம்பனியின் வேலையாக இருந்த காலம் போய், அது நம்முடைய வேலையாகிவிட்டது.

இப்போது அலுமாரிக்குத் திரும்புவோம். அன்று ஸ்டூடியோக்காரருக்குப் பயந்தோம். இன்று அந்த அல்பம் முழுவதையும் போனோடு சேர்த்து முன்பின் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிடுகிறோம். திரை உடைந்தால் திருத்தும் கடைக்கு. புதுப் போன் வாங்கினால் பழையதைக் கழிவு விலைக்கு. சில வேளை பழைய இரும்போடு சேர்த்து வாசலில் வரும் வியாபாரிக்கு. உள்ளே இருப்பது நம்முடைய படங்கள் மட்டுமா? நம்மை நம்பி, நம் கெமராவுக்கு முன்னால் முக்காடு இல்லாமல் நின்ற மாமியின் மகளும் மைத்துனியும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் அதற்குள் இருக்கிறார்கள். அவர்களுடைய படம் நம் கையில் இருக்கும் அமானிதம். பணமும் நகையும் மட்டும் அமானிதமல்ல.

ஆகவே இரண்டு கடமைகள் உண்டு: ஒன்று, காப்பாற்றுவது. மற்றது, அழிப்பது.

முதலில் காப்பாற்றுவதைப் பார்ப்போம். பெட்டரியைக் கழற்றிப் பாருங்கள். ஊதி, வயிறு தள்ளி இருந்தால் அதைச் சார்ஜ் பண்ணவும் வேண்டாம், குத்தவும் நசுக்கவும் வேண்டாம். புறம்பாக எடுத்து வையுங்கள். சாதாரண என்95இன் பக்கவாட்டில் மெமரி கார்ட் இருக்கும். போன் உயிர் பெறாவிட்டாலும் அந்த அட்டையை வெளியே எடுத்து, சிறிய அடப்டரில் செருகிக் கணனியில் பார்க்கலாம். என்95 8 ஜி.பி. வகையில் அட்டை போடும் இடமே இல்லை, எல்லாம் போனுக்குள்ளேதான்.

போனின் உள் நினைவகத்தில் இருக்கும் படங்களுக்குப் போன் உயிர் பெற வேண்டும். இங்கேதான் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். என்95 யூ.எஸ்.பி. வயரால் சார்ஜ் ஆகாது. அந்த வயர் கணனியோடு பேசுவதற்கு மட்டுமே. அதற்கென்றே இருந்த மெல்லிய முனைச் சார்ஜர் வேண்டும். “வயரைச் செருகினேன், ஒன்றும் நடக்கவில்லை” என்று சொல்லித் தூக்கி எறிந்துவிடாதீர்கள். போன் திறந்துவிட்டால், உள்ளே இருக்கும் படங்களை மெமரி கார்ட்டுக்குப் பிரதி பண்ணலாம். புளூடூத் மூலம் புதுப் போனுக்கும் அனுப்பலாம். புளூடூத் மெதுவாகப் போகும்; ஆனால் படத்தின் அளவு குறையாது. எடுத்த பிறகு ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள். கணனியில் ஒன்று, தனியான ஒரு தட்டிலோ பென் டிரைவிலோ ஒன்று. வட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். சாதாரணமாகப் படமாக அனுப்பும்போது அது சுருக்கப்பட்டே போகிறது. ஐம்பது இலட்சம் புள்ளிகள் அப்படியே போய்ச் சேராது.

சிறந்த பத்துப் படங்களையாவது காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். வெளியார் பார்க்கக்கூடாத படமானால் வீட்டிலேயே அச்சிடுங்கள். வசதி இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது அழிப்பது. படத்தை ‘டிலீட்’ பண்ணினால் போய்விட்டது என்று நம்ப வேண்டாம். அது புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்து எறிவது போன்றது. பக்கங்கள் உள்ளேயே இருக்கும், தேடத் தெரிந்தவர் தேடி எடுப்பார். என்95 காலத்து நோக்கியா போன்களில், மெனுவில் இருக்கும் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பும் கட்டளை அமைப்புகளை மட்டுமே மாற்றும். படங்கள் அப்படியே இருக்கும். *#7370# என்று அழுத்தி, பூட்டு இலக்கம் கொடுத்தால்தான் உள் நினைவகம் துடைக்கப்படும். யாரும் மாற்றியிருக்காவிட்டால் அந்த இலக்கம் 12345. படங்களை வேறிடத்தில் சேமித்த பிறகே இதைச் செய்ய வேண்டும். செய்த பின் அழுது பயனில்லை.

மெமரி கார்ட்டை ஒருபோதும் போனோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள். திருத்தக் கொடுத்தாலும் அதைக் கழற்றி எடுத்துவிட்டே கொடுங்கள். வேண்டாத அட்டையைக் கத்தரியால் இரண்டாக வெட்டிவிடுங்கள். உயிரே பெறாத போனைச் சில நூறு ரூபாய்க்காக விற்க வேண்டாம். வீட்டிலேயே வைத்திருங்கள், அல்லது பெட்டரியைக் கழற்றிவிட்டு, நினைவகம் பாவிக்க முடியாதபடி உங்கள் கண்முன்னே உடைத்துவிட்டு, மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள்.

இடையில் இன்னொரு நல்ல காரியமும் உண்டு. படங்களைப் பிரித்து எடுக்கும்போது பிறருடைய படங்கள் வரும். அந்தச் சகோதரிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். “உங்கள் கல்யாண இரவுப் படங்கள் என்னிடம் இருக்கின்றன, உங்களுக்கு அனுப்பிவிட்டு என்னிடம் உள்ளதை அழித்துவிடவா?” என்று கேளுங்கள். அன்று இருந்த பெண் இன்று வேறு நிலையில் இருக்கலாம். பேணுதல் கூடியிருக்கலாம். குடும்பத்தில் பிரிவு ஏற்பட்டிருக்கலாம். படத்தில் சிரிப்பவர் மௌத்தாகியிருந்தால், அவருடைய பிள்ளைகளுக்கு அந்த ஒரு படம் எத்தனை பெரிய பொக்கிஷம்! உரியவரிடம் சேர்ப்பதும் அமானிதம்தான்.

அந்தப் போன்களின் காலம் முடிந்துவிட்டது. 2011இல் நோக்கியா தன்னுடைய பழைய சிம்பியன் மென்பொருளைக் கைவிடுவதாக அறிவித்தது. 2014இல் அதன் போன் வியாபாரமே மைக்ரோசொப்டின் கைக்கு மாறியது. கம்பனிகள் வரும், போகும். ஆனால் அந்தப் போனுக்குள் இருக்கும் முகங்களுக்குப் பொறுப்பு எந்தக் கம்பனியிடமும் இல்லை. அது இந்த வரிகளை வாசிக்கும் உங்களிடம்தான் இருக்கிறது.

இந்த வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு அலுமாரியைத் திறவுங்கள். சேமிக்க வேண்டியதைச் சேமியுங்கள். அழிக்க வேண்டியதை அழியுங்கள். வாப்பாவின் படம் கிடைத்தால், பார்த்து அழுதுவிட்டு, அவருக்காகத் துஆச் செய்யுங்கள்.