தராசும் தலைமையும் ஒரே கையிலா?

சில தோட்டங்களில் காலைப் பெரட்டில் வேலை பிரிக்கும் கங்காணியே மாலையில் சங்கத் தலைவராகவும் உட்காருகிறார். சாக்குக்கு, தண்ணீருக்கு என்று நிறுவையில் கிலோ கழித்து அரைப்பேர் போட்டால், அந்தப் பெண் யாரிடம் முறையிடுவாள்? கழித்தவரிடமேயா? மனுஷன் நல்லவராகவே இருக்கட்டும். துரைக்குப் பதில் சொல்லும் வாய் துரையைக் கேள்வி கேட்குமா?

ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் 1984இல் வந்தது. கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். கமிட்டியிலோ அவர்களுக்கு மாதர் தலைவி என்ற ஒற்றை நாற்காலி, அதுவும் கூட்டத்துக்குத் தேநீர் ஊற்ற!

அடுத்த கமிட்டித் தெரிவில் கங்காணி வேலை பார்ப்பவர் தலைவர் பதவிக்கு நிற்கக் கூடாது. நிறுக்கும்போது கொழுந்தெடுக்கும் பெண் ஒருவர் தராசுப் பக்கம் நின்று கிலோவைக் கொப்பியில் எழுத வேண்டும். சந்தா கட்டுகிறவர்களே, கூட்டத்தில் எழுந்து கேளுங்கள்.