பதிப்பு எண்ணும் பரிசோதனையின் பகுதியே

பரிசோதனைச் சாலையில் கரைசலின் செறிவைக் குறிப்பேட்டில் எழுதாத மாணவனின் முடிவை எந்த ஆசிரியரும் ஏற்பதில்லை. ஆயினும், ஜி.பி.யு. எனப்படும் வரைவியற் செயலிகளில் இயங்கும் நிரல்களை அமைப்போர், எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பைக் கொண்டு அவற்றை அமைத்தனர் என்பதைப் பல வேளைகளில் எழுதி வைப்பதில்லை. இது களையப்பட வேண்டிய குறையாகும்.

இத்தகைய நிரல் தனித்து நிற்பதன்று. என்விடியா நிறுவனத்தின் ‘கியூடா’ கருவித்தொகுதியைக் கொண்டு அமைக்கப்படும் நிரல், அதன் கணித நூலகங்களைச் சார்ந்தது. அந்நூலகங்கள் டிரைவரைச் சார்ந்தவை. டிரைவர் செயலியின் வகையைச் சார்ந்தது. லினக்ஸ் கணிப்பொறியில் கியூடா 12-ஆம் வரிசைக்கு 525.60.13 அல்லது அதற்குப் பிந்திய டிரைவர் தேவை. 2025-இல் வெளிவந்த 13.0 பதிப்போ, வோல்டா வகைச் செயலிகளுக்கு நிரல் ஆக்குவதை நிறுத்திவிட்டது. எனவே, ‘கிடைப்பவற்றுள் புதியதைக் கொள்க’ என்று மட்டும் கூறும் கட்டுமானக் கோப்பு, நிரலில் ஓரெழுத்தும் மாறாதிருக்கையிலேயே, வோல்டா செயலியுள்ள கல்லூரியில் ஒருநாள் பயனற்றுப் போகும்.

இயங்காத நிரல் தன் பிழையைத் தானே அறிவித்துவிடும். இயங்கியும் விடை சிறிது வேறுபடுவதே நுட்பமான இடர். கியூடாவின் ‘குபிளாஸ்’ நூலகம், ஒரே பதிப்பில், ஒரே அமைப்புடைய செயலிகளில் மட்டுமே கடைசி இலக்கம் வரை ஒத்த விடைக்கு உறுதி கூறுகின்றது. பதிப்பு மாறின் அவ்வுறுதி இல்லை. ஒரே வெள்ளக் கணிப்பை இரு நிலையங்கள் செய்து விடைகள் வேறுபடின், வேறுபாடு மழை அளவிலிருந்து வந்ததா, நூலகத்திலிருந்து வந்ததா என்பதைப் பதிப்புக் குறிப்பின்றி எங்ஙனம் தெளிவது?

இதற்கான வழிகள் அரியனவல்ல. ‘சீமேக்’ 3.17 பதிப்பு முதல் கருவித்தொகுதியைக் கண்டறியும் தனிப்பகுதியைப் பெற்றுள்ளது. வேண்டும் பதிப்பை அதிற் கேட்கலாம். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் தோன்றிய ‘ஸ்பாக்’, சார்புகள் அனைத்தையும் பூட்டுக் கோப்பில் பதிந்து வைக்கும்.

பதிப்பைப் பூட்டினால் பழைய குறைகளும் உடன் பூட்டப்படும் என்பர் சிலர். அது மெய்யே. ஆனால் பூட்டுதல் என்பது என்றும் மாற்றாதிருத்தல் அன்று. தற்செயலாய் மாற விடாதிருத்தலே. விடை தெரிந்த கணக்குகளைப் புதிய பதிப்பில் ஓட்டி, ஒப்பு நோக்கி, நாளும் காரணமும் குறித்து மாற்றுவதே முறை.

ஆசிரியர்கள் நிரலுக்கு மதிப்பெண் இடுகையில் கட்டுமானக் கோப்பையும் கேட்டு வாங்குதல் நன்று. களப்பணியாளர்கள் அறிக்கையின் ஈற்றில் செயலியின் வகை, டிரைவர், கருவித்தொகுதி ஆகிய மூன்றையும் ஒரு வரியிற் சேர்த்தல் வேண்டும். அவ்வொரு வரி இல்லாத கணிப்பை, அதைச் செய்தவரே மறுமுறை செய்து காட்டுதல் அரிது.