ஆசிரியராக விரும்பும் பிள்ளை எந்த வழியால் போவது?

"முதலில் ஒரு பட்டத்தை எடுக்கட்டும், வேறொன்றும் கிடைக்காவிட்டால் ரீச்சர் வேலை இருக்கிறதுதானே." எமது கிராமங்களில் இப்பேச்சு இன்றும் ஓயவில்லை. இந்த எண்ணம் எமது பிள்ளைகளையும் பாடசாலைகளையும் ஒருங்கே பாதிக்கின்றது என்பதே எமது கருத்து.

நாட்டின் பாடசாலைகள் வகைப்படுத்தப்பட்டுள்ள முறையைப் பாருங்கள். உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1 ஏபி வகைப் பாடசாலைகளில் மாத்திரமே உண்டு. 1 சி வகையில் கலையும் வர்த்தகமும் உள்ளன. இரண்டாம் வகை 11 ஆம் தரத்துடன் முடிந்துவிடும். மலையகத் தோட்டத்திலோ வன்னிக் கிராமத்திலோ உள்ள பிள்ளைக்கு அண்மையில் இருப்பது பெரும்பாலும் பின்னைய இரண்டுமே. ஆகவே கணிதத்தில் ஆர்வமுள்ள பிள்ளையும் கலைப் பிரிவிற் சேர்கின்றது. கலைப் பட்டம் பெறுகின்றது. போட்டிப் பரீட்சைக்குக் காத்திருக்கின்றது. ஊர்ப் பாடசாலையில் கணித ஆசிரியரின் இடமோ வெற்றிடமாகவே கிடக்கின்றது. அடுத்த வகுப்பும் அதே வழியிற் செல்கின்றது.

கலைப் பட்டம் தாழ்ந்தது என்று நாம் சொல்லவில்லை. தமிழையும் வரலாற்றையும் திறம்படக் கற்பிப்போர் எமக்கு வேண்டும். விரும்பித் தெரிவு செய்யாமல், வேறு வழியின்றி அங்கு போய்ச் சேர்வதே குறை.

பட்டம் மட்டும் ஒருவரை ஆசிரியராக்குவதில்லை என்பதையும் உணர வேண்டும். 2020 இல் அரசாங்கம் பயிலுனராகச் சேர்த்த பட்டதாரிகளிற் பலர், அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் பாடசாலைகளில் இணைக்கப்பட்டனர். ஆசிரியர் சேவையில் உள்வாங்குமாறு கோரி அவர்கள் பின்னர் போராட நேர்ந்தது.

ஆசிரியத் தொழிலையே நாடும் பிள்ளைக்கு நேர்வழி ஒன்று உண்டு. 1986 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய கல்வியியற் கல்லூரிகள் உயர்தரப் பெறுபேற்றின்படி பிள்ளைகளைச் சேர்க்கின்றன. மலையகத்திற் பத்தனையிலும், வடக்கில் கோப்பாயிலும் வவுனியாவிலும், கிழக்கில் மட்டக்களப்பிலும் அட்டாளைச்சேனையிலும் இவை உள்ளன. இரண்டாண்டுகள் விடுதியில் தங்கிப் படித்து, மூன்றாம் ஆண்டு பாடசாலையிற் கற்பித்துப் பழகிய பின் டிப்ளோமா கிடைக்கும். சேவையில் இருந்துகொண்டே பின்னர் கல்விமாணிப் பட்டமும் பெறலாம். பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களின் இடம் என்று இதனைக் குறைத்து மதிப்பது தவறு. பல்கலைக்கழகம் செல்வோரோ, பட்டத்தின் பின் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் முடிக்க வேண்டும் என்பதை முதலிலேயே கணக்கிற் கொள்ள வேண்டும்.

எந்த வழியாயினும் தீர்மானம் சாதாரணதரப் பெறுபேறு வந்த கிழமையிலேயே எடுக்கப்பட வேண்டும். பட்டம் பெற்ற பின் பாடத்தை மாற்ற இயலாது.

இதனைப் பெற்றோரின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமன்று. விஞ்ஞானம் அல்லது கணிதம் படிக்கத்தக்க ஒரு பிள்ளையைப் பட்டினத்துப் பாடசாலைக்கு அனுப்பி, இரண்டாண்டு விடுதிச் செலவை ஊர்ச் சங்கங்கள் கூடிப் பொறுப்பேற்கலாம். கோவில் திருவிழாவுக்கும் விளையாட்டு விழாவுக்கும் பணம் சேர்க்கத் தெரிந்த ஊருக்கு இது இயலாத காரியமல்ல. அப்பிள்ளை ஆசிரியராகத் திரும்பி வந்தால் அந்த வெற்றிடம் நிரம்பும். எட்டாம் வகுப்பில் இருக்கும் அடுத்த பிள்ளைக்கும் வழி திறக்கும்.