இன்னும் கொஞ்சம் கெட்டியா கொடுங்க

ஓசூருக்கும் பர்கூருக்கும் இடையே என்ஜின் பைத்தியம் பிடித்த இளைஞர்கள் நிறைய. பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2017இல் அறிமுகமானபோது 9,700 ஆர்பிஎம்மில் 34 பிஎஸ் தந்த அப்பாச்சி ஆர்ஆர் 310 ஓசூரில் உருவான வண்டி. பிஎம்டபிள்யூவின் ஜி 310 ஆர் பைக்கும் அங்கேதான் தயாரானது. டிவிஎஸ் நிறுவனம் 1982லேயே தனக்கென்று பந்தய அணி வைத்தது. நம் பர்கூர் வழியாகப் போகும் சென்னை நெடுஞ்சாலையை விடாமல் பிடித்துப் போனால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடமே வந்துவிடும். ஷிஃப்டு முடித்து வந்து, பழைய 1300 சிசி காரின் ஹெட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு இரவு வரை உட்காரும் தம்பிகளை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

அவர்களில் ஒருவர் அண்மையில் ஒரு கேம்ஷாஃப்ட்டை என் கையில் கொடுத்தார். புதிதாகப் போட்டது. சில வாரங்களிலேயே அதன் மூக்குகள் தேய்ந்து, பளபளப்பு போய், வரிவரியாகக் கீறல். “கடையில இருக்கறதுலயே கெட்டியான ஸ்பிரிங்தான்ணா கேட்டு வாங்கிப் போட்டேன். அப்புறமும் எப்படி?” என்றார். கேமைத் தின்றதே அந்தக் கெட்டிதான்.

வால்வைத் திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். கேமின் சரிவை விட்டு விலகாமல் வால்வை இழுத்துவருவது மட்டுமே ஸ்பிரிங்கின் வேலை. என்ஜின் வேகம் ஏற ஏற அந்த வேலை வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 6,500 வரை சுற்றிய என்ஜினை அதே கேமோடு 8,000க்குக் கொண்டுபோனால், வால்வைக் கட்டுப்படுத்த ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விசை வேண்டும். அது கிடைக்காவிட்டால் வால்வு கேமை விட்டுப் பறக்கும், சீட்டில் விழுந்து துள்ளும், சில நேரம் பிஸ்டனில் மோதி வளையும். மோதாவிட்டாலும் மேல் வேகத்தில் சக்தி திடீரெனத் தளரும். அதைப் பற்றவைப்புக் கோளாறு என்று நினைத்துப் பிளக்கையும் காயிலையும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

அதற்காக வேண்டியதற்கு மேல் டென்ஷன் வைத்தால், அந்தப் பாரம் ஒவ்வொரு சுற்றிலும் கேம் மூக்கின் மேல் விழுகிறது. 6,000 ஆர்பிஎம்மில் ஒரு வால்வு மணிக்கு 1,80,000 முறை திறக்கிறது. எண்ணெய்ப் படலம் அத்தனை முறையும் தாங்க வேண்டும்.

ஆகவே முதலில் கேமை முடிவு செய்யுங்கள், பிறகு எந்த வேகம் வரை சுற்றப் போகிறீர்கள் என்பதை. ஸ்பிரிங் அதற்கப்புறம்தான். ஒரு கணக்கு: வால்வு மூடியிருக்கும்போது 30 கிலோ, ஒவ்வொரு மில்லிமீட்டர் அழுத்தத்துக்கும் 3 கிலோ கூடும் ஸ்பிரிங் என்று வைப்போம். கேம் 9 மி.மீ. தூக்கினால் முழுத் திறப்பில் 57 கிலோ. ஸ்பிரிங்குக்கு அடியில் 1 மி.மீ. ஷிம் தகடு வைத்தால் இரண்டு எண்ணிலும் 3 கிலோ ஏறும். ஹெட்டில் பொருத்திய உயரத்தை ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனியாக அளக்கச் சொல்வது இதனால்தான். வால்வு சீட்டை வெட்டியிருந்தால் அந்த உயரம் மாறியிருக்கும்.

முழுத் திறப்பில் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டவும் கூடாது. மொத்தமாக ஒன்றரை மி.மீ. இடைவெளி விடுவது பொது வழக்கம். ஸ்பிரிங்கின் மேல்முனையைப் பிடிக்கும் ரிட்டெய்னர் கீழே இறங்கி வால்வு கைடின் சீலில் இடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். டர்போ போட்டவர்களுக்கு இன்னொன்று: உட்செல்லும் வால்வின் முதுகில் பூஸ்ட் அழுத்துகிறது. 30 மி.மீ. வால்வில் 1 பார் பூஸ்ட் என்றால் சுமார் 7 கிலோ. மூடிய நிலை டென்ஷனிலிருந்து அதைக் கழித்துத்தான் பார்க்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி அதிர்வு. ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் தனக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. கேமின் தாளம் அதைத் தொட்டால் சுருள்களுக்குள் அலை ஓடும். தராசில் நிறைய கிலோ காட்டிய ஸ்பிரிங் அந்தக் கணத்தில் கைவிட்டுவிடும். ஒன்றுக்குள் ஒன்று உரசும் இரட்டை ஸ்பிரிங், மேலே குறுகிவரும் பீஹைவ் ஸ்பிரிங் எல்லாம் இதற்காக வந்தவை. பீஹைவ் ஸ்பிரிங்குக்குச் சிறிய ரிட்டெய்னர் போதும்; அசையும் எடை குறையும். பாரத்தைக் கூட்டி வேகம் தேடுவதைவிட எடையைக் குறைத்துத் தேடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. சுருள் கம்பியின் எல்லையைத் தாண்டவே ரெனோ 1986இல் ஃபார்முலா 1 என்ஜினில் காற்றழுத்த ஸ்பிரிங் வைத்தது. டுகாட்டியில் ஃபாபியோ தாலியோனி 1956லேயே வால்வை மூடவும் கேமையே பயன்படுத்தினார். சாலையில் ஓடும் நம் கார்களுக்குக் கம்பி ஸ்பிரிங் தாராளமாகப் போதும்.

எனக்கு வருத்தம் ஒன்றுதான். ஆலையில் இதே தம்பிகள் மைக்ரோமீட்டர் இல்லாமல் ஒரு பாகத்தைக் கை மாற்ற மாட்டார்கள். சொந்த என்ஜினுக்கு மட்டும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து வாங்குகிறார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். மற்ற அளவுகள் மாறாமல் 4 மி.மீ. கம்பி 4.2 ஆனால் விறைப்பு 21 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். அந்த 0.2 விரலுக்கு எங்கே தெரியும்? ஸ்பிரிங்கை அழுத்தி விறைப்பைக் கணக்கிடுவது பொறியியல் ஆய்வகப் பாடத்திலேயே இருக்கிறது. நம் பர்கூரில் 1994 முதல் அரசு பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. படிக்கிற பிள்ளைகளும் பட்டறைக்காரர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு செட் ஸ்பிரிங்கை ஒரே மாலையில் அளந்துவிடலாம்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: எந்த உயரத்தில் எத்தனை கிலோ, மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ, சுருள்கள் முட்டும் உயரம் எவ்வளவு. இந்த மூன்றும் தெரியாத ஸ்பிரிங்கை வாங்காதீர்கள். வாங்கியதை வைஸில் கடித்துப் பிடிக்காதீர்கள். மேல்பரப்பில் விழும் சிறு கீறலிலிருந்துதான் கம்பி முறியத் தொடங்கும். சில முறை நன்றாகச் சூடாகி ஆறிய பிறகு டென்ஷன் கொஞ்சம் இறங்கும். அப்போது இன்னொரு முறை அளந்து, அந்த எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.