கேமரா மேல பழி போடாதீங்க!

முழுசா சார்ஜ் செய்த பேட்டரியைப் போட்டும் நாலே படத்தில் டிஜிட்டல் கேமரா அணைந்துவிட்டால், உடனே சர்வீஸ் கடைக்கு ஓடுவது வீண் செலவுங்க. முதலில் பேட்டரியைக் கவனியுங்கள்.

அல்கலைன் செல் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட்தான். சில கேமராக்களில் செல் வகையைத் தேர்ந்தெடுக்க மெனு உண்டு. அதை மாற்றாவிட்டால் நிறைந்த செல்லையும் தீர்ந்ததாகக் காட்டலாம்.

புதுசும் பழசும் கலந்து போட்டால், பலவீனமான செல் முதலில் தீர்ந்து நல்ல செல்லின் சக்தியையும் வீணடிக்கும். பழைய வகை செல்கள் சும்மா கிடந்தாலே சார்ஜ் இறங்கும். 2005-ல் சான்யோ கொண்டுவந்த எனலூப் வகையில் இந்தத் தொல்லை குறைவு.

முனைகளை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஜோடிக்கு ஒரு நம்பர் எழுதி, சேர்த்தே சார்ஜ் போடுங்கள். வேறொரு நல்ல ஜோடியிலும் அணைந்தால், அப்புறம் கேமராவைத் திட்டலாம்!