கொடைக்கானலுக்கு மே மாசம் மட்டும்தானா?

பரீட்சை முடிந்து பிள்ளைகள் புத்தகத்தை மூலையில் போட்டதும் வீட்டில் கிளம்பும் முதல் பேச்சு, "இந்த வருஷமாவது கொடைக்கானல் போகலாமா?" என்பதுதான். தாராளமாகப் போங்கள். ஆனால், ஊரே போகிற அந்த மே மாசத்தில்தான் நாமும் போகணுமா?

நம்மில் பெரும்பாலானவர்கள் கொடைக்கானல் போகிற லட்சணத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி வேனில் ஏறி, தூக்கம் இல்லாமல் விடியற்காலையில் வத்தலக்குண்டு தாண்டுகிறோம். வளைவுகளில் பிள்ளைகள் வரிசையாக வாந்தி எடுக்கிறார்கள். மேலே போய் முகம் கழுவிய கையோடு ஒரே நாளில் 12 இடம்! தூண் பாறை, குணா குகை, பைன் காடு, கோக்கர்ஸ் வாக்... ஒவ்வொரு இடத்திலும் 10 நிமிஷம், நாலு போட்டோ. மூட்டுவலிக்காரப் பாட்டி வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறார். மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்கு, அதுவும் எண்ணெய் வழியும் பரோட்டா. மறுநாள் ராத்திரி வீடு திரும்பும்போது ஒருவருக்குத் தொண்டைக் கட்டு, இன்னொருவருக்குக் கால் வீக்கம். "கொடைக்கானல் பார்த்தாச்சு" என்கிறோம். உடம்புக்கு நல்லது என்று போன இடத்திலிருந்து உடம்பைக் கெடுத்துக்கொண்டு வருகிறோம், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் அந்த ஊர் பிறந்ததே உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். மதுரைச் சீமையில் காலராவும் காய்ச்சலும் ஆட்களைக் கொண்டுபோன காலத்தில், அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் இந்த மலைமேல் வீடு கட்டிக்கொண்டு வந்து தங்கினார்கள். வந்து தங்கினார்கள் என்பதைக் கவனியுங்கள். ஒரு நாளில் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கவில்லை. மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை, 1863-இல் ஓடையை மறித்துக் கரை கட்டி ஏரியை உண்டாக்கினார். ஆமாம், அந்த ஏரி இயற்கை ஏரி இல்லை, மனுஷன் வெட்டியதுதான்! அதைச் சுற்றி ஓடும் பாதை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். என்னைக் கேட்டால், கொடைக்கானலில் பார்க்க வேண்டியது என்று ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் இந்தப் பாதையைத்தான் சொல்வேன். பார்க்க என்பதைவிட, நடக்க.

டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருப்பார். ஊரில் வெயில், புழுதி, தெரு நாய், நேரமில்லை என்று நூறு சாக்கு சொல்லியிருப்போம். இங்கே காலை ஆறரைக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கிளம்பினால், வேர்வை சிந்தாமல் ஒன்றேகால் மணி நேரத்தில் ஏரியைச் சுற்றி வந்துவிடலாம். பெரிய ஏற்றம் கிடையாது. முழுச் சுற்று முடியாதவர்கள் பாதி போய்த் திரும்பட்டும். பிள்ளைகளுக்கு வாடகை சைக்கிள் இருக்கிறது. பெடல் படகு தொடைக்கு நல்ல வேலை கொடுக்கும். முழங்கால் தேய்ந்தவர்கள் மட்டும் அந்த வீரத்தை விட்டுவிட்டுத் துடுப்புப் படகில் சும்மா உட்கார்ந்து வரலாம்.

ஆனால், மலை ஏறிய அன்றைக்கே நடக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஏரி இருக்கும் இடமே சுமார் 7,000 அடி உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் கீழே கிடைப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது. (தண்ணீர்கூட அங்கே 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பருப்பு வேக நேரமாகிறதே என்று சமையல்காரரைத் திட்டாதீர்கள்!) நல்ல ஆரோக்கியமாக இருப்பவருக்கு லேசாக மூச்சு வாங்கும், நாடி கொஞ்சம் வேகமாக அடிக்கும், ஒரு நாளில் சரியாகிவிடும். ஆஸ்துமா, நாள்பட்ட மார்புச் சளி, இதயக் கோளாறு, கடுமையான ரத்தசோகை உள்ளவர்கள் கதை வேறு. கிளம்பும் முன்னாலேயே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளணும். முதல் நாள் அறையில் ஓய்வு, சாயந்திரம் பிரையண்ட் பூங்காவில் ஒரு பெஞ்சு. அது போதும். படுத்தால் மூச்சுத் திணறுகிறது, நெஞ்சை அழுத்துகிறது என்று யாராவது சொன்னால் காலை வரைக்கும் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இப்போது சொல்லுங்கள், முதல் நாளே 12 இடம் என்பது அறுபது வயதுக்காரருக்கு நல்லதா?

சரி, மே இல்லை என்றால் எப்போது? ஏறக்குறைய எப்போது வேண்டுமானாலும் என்பதுதான் என் பதில். ஜனவரி, பிப்ரவரியில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும். விடியற்காலையில் புல்மேல் உறைபனிகூடப் பார்க்கலாம். அந்த மாதங்களில் சூரிய ஆராய்ச்சி நிலையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். 1899-இல் தொடங்கப்பட்ட நிலையம் அது. நூறு ஆண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை எவர்ஷெட் என்பவர் 1909-இல் உலகத்துக்குச் சொன்னது இங்கிருந்துதான். பௌதிகப் பாடத்தைக் கண்டாலே ஓடுகிற பையனுக்குக்கூட இது பிடிக்கும்.

ஜூன் முடிந்ததும் கூட்டம் வடிந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் சாரலும் மூடுபனியுமாக இருக்கும். "பனியில் ஒண்ணுமே தெரியாதே!" என்பார்கள். தெரியாவிட்டால் என்ன? கோக்கர்ஸ் வாக் ஒரு கிலோமீட்டர்தான். பனி விலகும்வரை சுடச்சுட வேகவைத்த சோளக்கதிரோடு நில்லுங்கள். திடீரென்று திரை விலகி, கீழே சமவெளி தெரிகிற அந்த அரை நிமிஷத்துக்கு மே மாசத்து முழு வெளிச்சம் ஈடாகாது. பேரிக்காய் குவிந்து கிடக்கும் காலமும் இதுதான். பேரிக்காயைத் தோல் சீவாமல் நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள், மலச்சிக்கலுக்கு அதைவிட ருசியான மருந்து ஏது! பூம்பாறைப் பக்கம் போனால் படிப்படியாக இறங்கும் வயல்களும், குழந்தை வேலப்பர் கோயிலும், கொத்துக் கொத்தாக மலைப்பூண்டும் கிடைக்கும். பூண்டு வாங்கி வந்து காற்றாடத் தொங்கவிட்டால் மாசக்கணக்கில் இருக்கும்.

செப்டம்பரும் அருமையான மாதம். காலாண்டு விடுமுறையைத் தோதாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் முதல் வாரம் வரை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது மலைப்பாதையில் மண் சரிவும் மரம் விழுவதும் சகஜம். டிசம்பர் கடைசி வாரமோ இன்னொரு மே மாசம்தான்!

குறிஞ்சி பூக்கும் வருஷம் என்று ஒன்று தனியாக வரும். 2006, 2018 என்று 12 வருஷத்துக்கு ஒரு தரம். அந்தக் கணக்கில் அடுத்தது 2030. இப்போதே காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

"பிள்ளைகளுக்கு லீவு மே மாசம்தானே?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால், மே மாச வாடகையில் ஒரு ராத்திரி தங்குகிற காசுக்கு, கூட்டம் இல்லாத மாசத்தில் அதே விடுதியில் இரண்டு ராத்திரி தங்கிப் பார்க்க முடியும், விசாரித்துப் பாருங்கள். ஒரு சனி ஞாயிறோடு இரண்டு நாள் லீவு சேர்த்தால் காரியம் முடிந்தது. ஊர்க்காரர்களையும் நினைத்துப் பாருங்கள். கோடையில் அவர்கள் குடிக்கிற தண்ணீரைத்தான் நாமும் குளிக்கப் பங்கு கேட்கிறோம். நெரிசல் தாங்காமல்தான் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பே போட்டார்கள். மலை கதறிய பிறகுதான் நமக்குக் கேட்கிறது. தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசக் கழிவு வெளியே தெரியவந்து, 2001-இல் அது மூடப்பட்ட கதையும் இந்த ஊருக்கு உண்டு. சுத்தமான காற்று என்று நாம் தேடிப்போகிற இடத்துக்கும் ஒரு தாங்கும் அளவு இருக்கிறது.

எந்த மாசம் போனாலும், வீட்டுத் தலைவிகளே, ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். குளிருக்காக அறைக்குள் கரி அடுப்போ, கணப்புச் சட்டியோ வைத்துவிட்டுக் கதவு ஜன்னலைச் சாத்திப் படுக்காதீர்கள். வெளியே கோழி சுட்ட அடுப்பை, 'கங்கு இருக்கே, வீணாவானேன்' என்று உள்ளே தூக்கி வருவதும் கூடாது. கரி புகைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமில்லை, வாசனை இல்லை. லேசாகத் தலைவலி, கிறக்கம், தூக்கம்... எழுந்திருக்கவே மாட்டோம். 2024-இல் கொடைக்கானலிலேயே அறைக்குள் வைத்த கரி அடுப்புப் புகையால் இரண்டு பேர் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால் காற்றுப் போக வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைக் குளிக்க அனுப்பணும். குளிருக்கு இன்னொரு கம்பளி கேளுங்கள், கொடுப்பார்கள்.

இன்னும் சில சில்லறைச் சமாசாரங்கள். வாந்தி வரும் பிள்ளைக்கு மலை ஏறுவதற்கு முன் இரண்டு இட்லி மட்டும் கொடுத்து, முன் சீட்டில் தூரத்துப் பாதையைப் பார்த்தபடி உட்கார வையுங்கள். செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி மாத்திரை கொடுப்பதானால் டாக்டர் சொன்ன அளவில், ஏறுவதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னால் கொடுத்தால்தான் கேட்கும். வண்டி ஓட்டுகிறவர் அதைப் போடவே கூடாது, தூக்கம் வரும். குளிரில் தாகம் தெரியாது என்பதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். வெயில் சுடவில்லை என்றாலும் அந்த உயரத்தில் புற ஊதாக் கதிர் அதிகம், குழந்தைக்குத் தொப்பி அவசியம். பி.பி., சர்க்கரை மாத்திரைகளை இரண்டு நாள் கூடுதலாகவே எடுத்து வையுங்கள், மழையில் பாதை அடைத்துவிட்டால் தவிக்க வேண்டாம். இருட்டிய பிறகு மலை இறங்க வேண்டாம்.

பாட்டியை என்ன செய்வது என்கிறீர்களா? அவரை வேனில் உட்கார வைக்காமல், இரண்டாம் நாள் காலை வெயில் ஏறியதும் ஏரிக்கரைக்குக் கூட்டிப் போங்கள். கை பிடித்து ஐம்பது அடி நடக்கட்டும், உட்காரட்டும், மறுபடி ஐம்பது அடி நடக்கட்டும். தூண் பாறையைப் பார்க்கப் பேரன் பேத்திகள் போய்விட்டு வரும்வரை நீங்கள் ஒருவர் கூட இருங்கள், ஃபிளாஸ்கில் சுக்குக் காப்பியோடு.